முதுகு தரையில் பட்ட பிறகு

சென்ற மாதம் எங்கள் குஸ்திக் கோதாவின் ஆண்டு விழாவில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பத்து நிமிடம் என்றார்கள். அதில் பாதி மாலை போடுவதிலும், மாலை போட்டவருக்குப் பதில் மாலை போடுவதிலும் போய்விட்டது. நான் தொண்டையைச் செருமி ஆரம்பிப்பதற்குள் செயலாளர் எழுந்து ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டார். நம் பையன்களுக்குக் குஸ்தி கைவந்துவிட்டது, கூடவே இன்னொரு வித்தை பழக நினைக்கிறார்கள், எதைப் பழகலாம், பாக்சிங்கா, சிலம்பமா, ஜப்பான்காரர்களின் ஜுஜுத்சுவா என்று கேட்டார்.

"சிலாட்" என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மலாய்க்காரர் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு முன்னால் கையை வளைத்து வளைத்து ஆடுவார்களே, அதுவா என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். ஆடிக்கூடக் காட்டினான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மேடையில் கோபப்பட்டால் கிழவனுக்கு ரத்தக்கொதிப்பு என்பார்கள். நானும் சிரித்துவைத்து இறங்கிவிட்டேன். ஆனால் சொல்லாமல் விழுங்கிய பதில் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. விழா மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள், அதையே எழுதித் தருகிறேன். நீளம் என்று வெட்டினால் செயலாளரை நேரில் வந்து கவனித்துக்கொள்வேன்.

இன்றைய பிள்ளைகளுக்குக் கேளிக்கைப் பூங்காவில் டிக்கெட் போட்டுச் சண்டை போடும் ஆசை. அவர்களுக்குப் பாக்சிங் சரிதான், போய்ப் பழகட்டும். நான் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது என் தேவை வேறாக இருந்தது. பெரிய யுத்தத்துக்குச் சில வருடங்கள் முன்பு அது. நான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வார்டர். அப்போது அதை அப்படித்தான் சொல்வோம், இப்போது நாகரிகமான பெயர் வந்திருக்கிறது. ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான்.

என்னுடையது தஞ்சாவூர்க் குஸ்தி. மீசை முளைக்கும் முன்பே கோதாவில் மண்வெட்டி பிடித்தேன். மண்ணைக் கொத்தி, சலித்து, எண்ணெயும் மஞ்சளும் மோரும் விட்டுப் புரட்டிப் பூப்போல வைத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் தண்டால், பஸ்கி, பிடி எல்லாம். தசரா சமயத்தில் நாலு பேரை மல்லாத்தி நாலு தலைப்பாகை வாங்கினேன். அந்தப் பெருமையை எழுத ஆரம்பித்தால் மலர் போதாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கே வந்து, சிராங்கூன் ரோட்டு எருமைக் கொட்டகைகளுக்குப் பின்னால் பால்காரர்களும் வண்டிக்காரர்களும் வெட்டிவைத்திருந்த கோதாவில் சேர்ந்தேன். அங்கே பழகிய ஒருவர்தான், பலசாலி ஆள் தேடுகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்.

தலைமை வார்டர் ரொசாரியோ. சட்டைக்காரர், வெள்ளைக்கார ரத்தம் கலந்தவர். வெள்ளை டிரில் கால்சட்டை, கசங்கவே கசங்காது. மலாயும் தமிழும் கலந்து, மலாய்க்காரர் மாதிரி பேச்சுக்குப் பேச்சு 'லா' போட்டுப் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, ஓடியும் பார்த்ததில்லை. மார்பை விரித்துக்கொண்டு போய் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார். புஜத்தை அமுக்கிப் பார்ப்பார் என்று நான் விறைத்துக்கொண்டு நிற்க, கையை நீட்டச் சொன்னார். பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்து என் நகத்தை வெட்டினார். பத்து விரலும் முடிந்த பிறகு, நாளைக் காலையில் வா என்றார். எனக்கு ஒரே அவமானம். கோதாவில் சொன்னால் சிரிப்பார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை.

அவருடைய முறைகள் எனக்கு இன்றும் மனப்பாடம். விரலில் மோதிரம் கூடாது, இடுப்பில் பித்தளைக் கொக்கி கூடாது, ஆணி அடித்த செருப்பு கூடாது. நோயாளியிடம் நேர் எதிரே போகக் கூடாது, பக்கவாட்டில் போக வேண்டும். தொடுவதற்கு முன் அவன் பெயரைச் சொல்லி நம் பெயரையும் சொல்ல வேண்டும். 'ராமையா, நான் கோவிந்தன் வந்திருக்கேன்' என்று சொல்லாமல் தோளைத் தொட்டேனென்றால் அன்று முழுக்க ரொசாரியோ என்னோடு பேச மாட்டார். கழுத்தில் கை போடக் கூடாது. மார்பில் முழங்கால் வைக்கக் கூடாது. பிடித்து அடக்கிய பிறகு நோயாளியின் சட்டையைக் கழற்றிப் பார்ப்பார், எங்கள் சட்டையையும் கழற்றிப் பார்ப்பார். நோயாளி உடம்பில் ஒரு சிராய்ப்பு இருந்தாலும் அது எப்படி வந்தது என்று பிடித்தவன் சொல்லியாக வேண்டும். சொல்லி முடித்ததும், "அடுத்த தடவை மெதுவா லா" என்பார். அவருடைய அதட்டல் அவ்வளவுதான். நாலு அறை வாங்கினால்கூட அத்தனை உறைக்காது.

ராமையா என்று சொன்னேன் அல்லவா, அவரைப் பற்றித்தான் இந்தக் கதை. அவர் எங்கள் எருமைக் கொட்டகைப் பால்காரர். ஆள் ஆறடிக்குக் குறையாது, கறந்து கறந்து முறுகிய மணிக்கட்டு. ஒரு வருடம் மாட்டுக்கு நோய் வந்தது. நகரசபை ஆட்கள் வந்து, நோய் கண்டதையும் காணாததையும் சேர்த்து அவர் கொட்டகையை ஒரே நாளில் காலி செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவருக்கு ஏதோ ஆகிவிட்டது. வாரக்கணக்கில் சாதுவாக இருப்பார். நன்றாகப் பேசுவார், பக்கத்துக் கட்டில்காரனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பார். திடீரென்று ஒரு நாள் உதட்டுக்குள் எருமைகளின் பெயரைச் சொல்ல ஆரம்பிப்பார். கருப்பி, லெச்சுமி, கோணக்கொம்பி என்று மெல்ல வரும். பிறகு போய் வாசலை மறித்துக் கையை விரித்து நிற்பார். யார் அந்த வாசலுக்கு வந்தாலும் மாட்டைப் பிடிக்க வந்தவன்தான். அப்போது மூன்று பேர் சேர்ந்தாலும் அவரை அசைக்க முடியாது.

அவர் மனைவி பாக்கியம் ஞாயிறுதோறும் வருவாள். சின்ன உடம்பு, வாய் மட்டும் பெரிது. கொட்டகையை விட்டுவிடாமல் இரண்டு எருமையைக் கடனுக்குப் பிடித்து மறுபடி பால் ஊற்ற ஆரம்பித்திருந்தாள். வந்த நிமிடமே, எம் புருசனை எப்ப அனுப்புவீங்க என்று ரொசாரியோவிடம் கேட்பாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார்.

ஒரு குளியல் நாளில் அது நடந்தது. குளியல் கொட்டகை சிமெண்டுத் தரை, எப்போதும் வழுக்கும். சோப்புப் போட்டுக்கொண்டிருந்த ராமையா கையை நிறுத்திவிட்டுக் கருப்பி என்றார். அடுத்த நிமிடம் வாசலில் நின்றார். தொட்டி ஓரத்தில் ஒரு சீனக் கிழவர் நடுங்கிக்கொண்டு நின்றார், அவரை வெளியே கொண்டுபோக வேண்டும். நான் பெயர் சொன்னேன், பக்கவாட்டில் போனேன், எல்லாம் முறைப்படிதான். ராமையா என் தோளைப் பிடித்துத் தள்ளியதும் முறையெல்லாம் பறந்துவிட்டது, கோதா வந்துவிட்டது. இடுப்புக்குள் நுழைந்து, தொடையைக் கொடுத்து, ஆளைத் தூக்கி மல்லாத்தினேன். அருமையான போடு. முதுகு முழுசாகத் தரையில் பட்டது.

பட்டதும் விட்டுவிட்டேன்.

குஸ்தி பழகியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எதிராளியின் முதுகு மண்ணில் பட்டால் பிடி முடிந்தது. அதற்கு மேல் கை வைப்பது அசிங்கம். வாத்தியார் பிரம்பால் விளாசுவார். விட்டுவிட்டு எழுந்து, தொடையைத் தட்டி, மண்ணைத் தொட்டுக் கும்பிட வேண்டும். சிறு வயதிலிருந்து ஆயிரம் தடவை செய்தது. அன்றும் விட்டேன், எழுந்தேன், என் கை தானாகத் தொடைக்குப் போயிற்று. கீழே கிடந்தவருக்கு இந்த மரியாதை எதுவும் தெரியாது. அவர் எழுந்த வேகத்தில் சீனக் கிழவரை நோக்கிப் பாய்ந்தார். கூட இருந்த வார்டர் யூசோப் குறுக்கே புகுந்து அந்த அடியைத் தன் வாயில் வாங்கினார். உதடு கிழிந்து தொங்கியது. அப்புறம் எங்கிருந்தோ இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

ரொசாரியோ என் சட்டையைக் கழற்றச் சொல்லி இருவர் உடம்பையும் பார்த்தார். ராமையாவின் பின்மண்டையில் ஒரு வீக்கம். சிமெண்டுத் தரையில் போட்டால் வேறு என்ன வரும். நான் தொடை தட்டியதை ரொசாரியோ பார்த்திருக்கிறார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன் குஸ்தியில முதுகு தரையில பட்டா முடிஞ்சுது" என்றார். "இங்க அப்பத்தான் லா ஆரம்பம்."

இன்னொன்றும் சொன்னார். ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரை, ராமையாவுக்கு மூன்று மாதம் தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் இன்னொருவருக்கு ரத்தக்காயம் என்றால் பின்கட்டில் இரும்புக் கதவுக்குள் போட்டுவிடுவார்கள். அப்புறம் அடுத்த தொகுதி நோயாளிகளோடு மதராசுக்குக் கப்பல். ராமையாவுக்கு அங்கே நாதி கிடையாது, இருக்கிற ஒருத்தி இங்கே இருக்கிறாள். மூன்று மாதமும் காயமில்லாமல் போனால் வீட்டுக்கு விடுவதைப் பற்றி யோசிப்பாராம். உன்னிடம் பலம் இருக்கிறது, பலத்தோடு சேர்த்து வேறு ஏதாவது கற்றுக்கொண்டு வா, நீ சொல்கிற நாளில் உனக்கு விடுப்புத் தருகிறேன் என்றார். எதைக் கற்க வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை.

இப்படித்தான் நான் வித்தை தேடி அலைந்தேன். பையன்களே, நீங்கள் கேட்ட கேள்வியின் விடை இங்கிருந்துதான் வருகிறது.

முதலில் போனது பாக்சிங்குக்கு. பட்டாளத்தில் இருந்து விலகிய ஒரு வெள்ளைக்காரர் பிராஸ் பாசா பக்கம் ஒரு கொட்டகையில் சொல்லித் தந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர். எனக்கு அடிக்க அனுமதி கிடையாது என்று சொன்னதும், அப்படியானால் இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அவர் வித்தையில் எதிராளி விழுந்தால் விலகி நிற்க வேண்டும், நடுவர் எண்ணுவார். எனக்கு அது குஸ்தியைவிட மோசம். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சிலம்பத்துக்குத் தஞ்சோங் பகாரில் ஒரு வாத்தியார். துறைமுகக் கூலிகள் அவரிடம் பழகினார்கள். ஆஸ்பத்திரிக்குள் கம்பு கொண்டுபோக முடியாது என்றேன். கம்பு இல்லாமல் குத்துவரிசை போடலாமே என்று நாலு அடவு காட்டினார். அழகுதான், கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் எல்லாம் தள்ளி நிற்கிறவனுக்கான வித்தை. எதிராளியைத் தொட்டால் கணக்கு, தொட்டதும் விலகிவிட வேண்டும். நான் தேடியது விலகாமல் இருக்கிற வித்தை.

ஜப்பான்காரர் மிடில் ரோட்டில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார், மாடியில் பாய் விரித்து ஜுஜுத்சு. இங்கே என் மனம் தங்கிவிட்டது, ஒளிக்காமல் சொல்கிறேன். என்னில் பாதி உயரம் இருப்பார். என் மணிக்கட்டைப் பிடித்து எங்கேயோ ஒரு சுளுக்கு சுளுக்கினார், நான் மூக்கைப் பாயில் தேய்த்துக்கொண்டு கிடந்தேன். இதுதான், கிடைத்துவிட்டது என்று குதித்தேன். கொஞ்ச நாள் போனேன். வலி பொறுக்க முடியாவிட்டால் பாயில் இரண்டு தட்டு தட்ட வேண்டும், தட்டினால் விட வேண்டும், அது அங்கே சட்டம். என் ஆள் தட்ட மாட்டாரே, தட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியாதே என்று கேட்டேன். தட்டாவிட்டால் எலும்பு முறியும் என்று இடுப்பை வளைத்து வணங்கி மரியாதையாகச் சொன்னார்.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தியில் பட்டது. ஒவ்வொரு வித்தையிலும் விடுவதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது. முதுகு படுவது, எண்ணிக்கை, தொடுவது, தட்டுவது. சண்டை போடுகிற இரண்டு பேருக்கும் அந்த அடையாளம் தெரியும். தெரிவதால்தான் அது விளையாட்டு. ராமையாவுக்கு ஒன்றும் தெரியாது. அவர் எருமையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் யூசோப்பிடம் இதையெல்லாம் கொட்டினேன். அவர் சுமத்ராவின் மேற்குக் கரைக்காரர், என்னைவிட மூத்தவர், அபாங் என்று கூப்பிடுவேன். அண்ணன் என்று அர்த்தம். உதட்டில் தையல் போட்டிருந்ததால் கஞ்சியை ஓரமாக உறிஞ்சிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, என் பாட்டன் வழி சிலாட் எனக்குத் தெரியும் என்றார் சாவகாசமாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். நீ கேட்கவில்லையே, நீதான் பெரிய பயில்வான் ஆயிற்றே என்றார்.

அவர் சொன்னது இது. அவர்கள் ஊரில் மழை விடாது, தரை எப்போதும் சேறு. நின்று சண்டை போடுகிறவன் தானே வழுக்கி விழுவான். அதனால் அவர்கள் விழும்வரை காத்திருப்பதில்லை, முதலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். கீழே போனபிறகு என்ன செய்வது என்பதில்தான் அவர்கள் வித்தை ஆரம்பிக்கிறது. கல்யாணத்தில் ஆடுவதும் அதே வித்தைதான், வெளிப்புறம் மட்டும். விழாவில் சிரித்த பையன் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கட்டும்.

வார்டர்கள் குடியிருப்புக்குப் பின்னால், துணி துவைக்கிற சிமெண்டுத் தளத்தில் பாடம். தட்சிணை ஓர் எலுமிச்சம்பழம். தினமும் ஆரம்பிக்கும் முன் தளம் முழுக்க நாலு வாளித் தண்ணீர் ஊற்றுவார். முதல் வாரம் நான் எழுந்து நிற்கவே அனுமதியில்லை. குந்தியும் தவழ்ந்தும் சறுக்கியும் என் பஸ்கி போட்ட தொடை கதறியது. கோதாவில் பழகியதை மறக்கச் சொல்லவில்லை அவர். உடம்போடு ஒட்டிப் பிடிப்பது, எடை எந்தக் காலில் இருக்கிறது என்று தோலால் அறிவது, இதெல்லாம் உனக்கு இருக்கிறது, எனக்கே அவ்வளவு இல்லை என்றார். குஸ்தி அங்கேவரை கொண்டுவந்து விட்டது. அதற்கு அப்புறம் இருந்த வெற்றிடத்தைச் சிலாட் நிரப்பியது.

பிடி இதுதான். ஆளைத் தூக்கிப் போடுவதில்லை. பின்பக்கம் ஒட்டிக்கொண்டு நாமே உட்காருகிறோம், நம் எடையோடு அவனும் உட்காருவான். நம் கால் இரண்டும் அவன் தொடைக்கு வெளியே. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு கையையும் பிடித்து வயிற்றுக்குக் குறுக்கே தளர்வாக வைக்க வேண்டும், மார்பை நெருக்கக் கூடாது. நம் கன்னம் அவன் முதுகில் ஒட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் அவன் தலை நம் மூக்கை உடைக்காது. இதற்குப் பலம் அதிகம் வேண்டாம், உட்காரத் தெரிய வேண்டும்.

எப்போது விடுவது என்று கேட்டேன். ஆள் அசையாமல் கிடப்பதை நம்பாதே, மூச்சைக் கேள் என்றார் யூசோப். உன் மூச்சை மெதுவாக விடு. கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சும் உன் மூச்சோடு சேர்ந்து போக ஆரம்பிக்கும். அப்போது ஒரு கையை விடு, பிறகு மற்றதை. எழுந்துவிடாதே, கூடவே உட்கார்ந்திரு.

தவணையின் மூன்றாவது மாதத்தில் ராமையா மறுபடி கருப்பி என்றார். மறுபடியும் குளியல் கொட்டகையில்தான். இந்தத் தடவை தவறினால் இந்த மனிதருக்குக் கப்பல்தான் என்று நினைத்துக்கொண்டே, ராமையா, நான் கோவிந்தன் வந்திருக்கேன் என்றேன். யூசோப் மற்றவர்களை வெளியே கூட்டிப் போனார். ராமையா வாசலை விட்டு என் பக்கம் திரும்பினார். நான் பக்கவாட்டில் நுழைந்து பின்னால் ஒட்டி, அப்படியே உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். தண்ணீரில் இருவரும் சறுக்கிக்கொண்டு தொட்டிச் சுவர் வரை போனோம். திமிறினார், காலால் உதைத்தார், ஊரில் இல்லாத கெட்ட வார்த்தையெல்லாம் வந்தது. என் கன்னம் அவர் முதுகில் இருந்தது. உள்ளே நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தண்ணீர் உடம்பில் காய்ந்துவிட்டது.

திமிறல் நின்றது. என் பழைய புத்தி, போதும், விடு என்றது. கையைக் கொஞ்சம் தளர்த்தியும்விட்டேன்.

"விட்டுடாத பயில்வான்" என்றார் ராமையா. குரல் தெளிவாக இருந்தது. "அது இன்னும் போகல. இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சிக்க."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவருக்கு உள்ளே எல்லாம் தெரிந்திருக்கிறது. அது வருவதும் தெரிகிறது, போகாததும் தெரிகிறது, தன்னைத் தானே பிடித்துக்கொள்ள மட்டும் முடியவில்லை. இத்தனை நாள் நாங்கள் மூன்று பேராக விழுந்து அமுக்கினோம், பாதியில் விட்டோம், மறுபடி அமுக்கினோம். இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் மூச்சு மெல்ல என் மூச்சோடு சேர்ந்தது. ஒரு கையை விட்டேன், பிறகு இன்னொன்றை. அவர் அப்படியே என் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

ரொசாரியோ என் சட்டையைக் கழற்றச் சொல்லி இருவரையும் பார்த்தார். இரண்டு உடம்பிலும் ஒன்றும் இல்லை. சிரிக்காத மனிதர் அன்றும் சிரிக்கவில்லை. தம் கசங்காத கோட்டைக் கழற்றி, தரை அழுக்கு படிந்த ராமையாவின் தோளில் போட்டார்.

தவணை முடிந்தது. டாக்டர் துரை ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். இங்கே பிடிக்க வார்டர் இருக்கிறான், வீட்டில் யார் பிடிப்பார்கள்? அதற்குப் பதில் இல்லாமல் எப்படி அனுப்புவது? ரொசாரியோ வந்து பாக்கியத்திடம் அதை அப்படியே சொன்னார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அது என்ன புடின்னு எனக்குச் சொல்லிக் குடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் என் தோளுக்குக்கூட வர மாட்டாள். ஆனால் சிரிக்க ஆரம்பித்தபோதே, பலம் அதிகம் வேண்டாம், உட்காரத் தெரிய வேண்டும் என்று யூசோப் சொன்னது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். ரொசாரியோ தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினார். பார்வையாளர்கள் நோயாளியைத் தொடக் கூடாது என்பது அவரே போட்ட விதி. பிறகு முற்றத்துக் கதவைச் சாத்தச் சொன்னார்.

அவளைத் தொட்டுச் சொல்லித்தர எனக்குக் கூச்சம். நான் யூசோப்பைப் பிடித்துக் காட்டுவது, அவள் பார்த்துச் செய்வது என்று வைத்துக்கொண்டோம். யாரைப் பிடித்துப் பழகுவாள் என்று நாங்கள் விழித்துக்கொண்டு நின்றபோது, ராமையா தானே வந்து தரையில் உட்கார்ந்தார். முதுகை மனைவி பக்கம் திருப்பிக்கொண்டு, "ம், புடி. நான் கொஞ்சம் திமிறிப் பாக்கறேன்" என்றார்.

முதல் தடவை அவளை உதறித் தள்ளிவிட்டார். அவள் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு, என்னய்யா கொஞ்சம்னு சொல்லிட்டு இந்த உதறு உதறுற என்று சண்டைக்குப் போனாள். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை பழகினார்கள். பால் கறக்கிற கை அல்லவா, மணிக்கட்டைப் பிடிக்கும் பக்குவம் அவளுக்கு எங்கள் எல்லாரையும்விட சீக்கிரம் வந்தது. எப்போது விடுவது என்று அவளும் கேட்டாள். மூச்சைக் கேளும்மா, அவர் மூச்சு உன்னோட சேர்ந்து போறப்ப விடு என்றேன். ஒரு நாள் டாக்டர் துரையே வந்து பார்த்தார். ராமையா உண்மையாகவே திமிறினார், அவள் விடவில்லை. அடுத்த வாரம் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் எத்தனையோ பேரைப் பார்த்தேன். புது வார்டர்களுக்கு அந்தப் பிடி முறையாகவே ஆகிவிட்டது. ரொசாரியோ பென்ஷன் வாங்கிக்கொண்டு போய், பிறகு காலமாகிவிட்டார். யூசோப் ஊருக்குத் திரும்பிவிட்டார். ராமையா மட்டும் ஒரு தடவைகூடத் திரும்பி வரவில்லை. எப்போதாவது அந்தப் பக்கம் போனால் மோர் கொடுப்பார்கள். இன்னும் வருதா என்று கேட்பேன். வரும் போகும், இவ புடிச்சுக்குவா என்பார் ராமையா. எருமைகள் பெருகியிருந்தன. ஒன்றுக்குக் கருப்பி என்றே பெயர் வைத்திருந்தார்கள். கொட்டகைகளை நகரத்துக்கு வெளியே தள்ளியபோது அவர்களும் சிராங்கூன் ரோட்டின் கோடிக்குப் போனார்கள்.

இரண்டு வருடம் முன்பு ராமையா இறந்துபோனார். காரியம் முடிந்து எனக்குத் தகவல் வந்தது. போனேன். பாக்கியம் நரைத்துச் சுருங்கிப்போயிருந்தாள், வாய் மட்டும் பழைய வாய். கடைசி நாளில் மூச்சு முட்டியதாம், படுக்க முடியவில்லையாம். இவள் பின்னால் உட்கார்ந்து அதே பிடியில் சாய்த்து வைத்துக்கொண்டாளாம். அவருக்கு அதில் ஆறுதலாக இருந்ததாம்.

"மூச்சு சேர்ந்து போறப்ப விடுன்னு சொன்னீங்கண்ணே" என்றாள். "எம்மூச்சை மெதுவா விட்டுக்கிட்டே இருந்தேன். அவருது நின்னு போச்சு. அப்ப எப்ப விடறதுன்னு நீங்க சொல்லித் தரலையே."

யூசோப்பும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. எப்பம்மா விட்டே என்று கேட்டேன்.

"மத்தியானக் கறவைக்கு நேரமாயிருச்சு. கருப்பி கத்த ஆரம்பிச்சுது" என்றாள். "அப்பத்தான் விட்டேன்."